காய்ச்சல் விட்டும் பயம் விடவில்லை: காவசாகி நோய்க்குப் பின் வீட்டை எப்படித் தேற்றுவது?

கேள்வி: இரு பிள்ளைகளின் தந்தை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மூன்று வயது மகன், சிறு குழந்தைகளின் இரத்தக் குழாய்களை வீங்கச் செய்யும் காவசாகி நோய்க்காக ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, பத்து நாளைக்கு முன்பு வீடு திரும்பினான். காய்ச்சல் முற்றிலும் விட்டுவிட்டது. ஆனால் எங்கள் வீடு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. அதைப் பற்றிக் கேட்கவே எழுதுகிறேன்.

காய்ச்சல் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பிள்ளைகளுக்கு வராத காய்ச்சலா என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தோம். மருந்து கொடுத்தால் சிறிது நேரம் தணிவதும், பிறகு 103, 104 டிகிரி என்று ஏறுவதுமாக மூன்று நாள் கழிந்தன. முதலில் காட்டிய மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்றார். நான்காம் நாள் உடம்பெங்கும் செந்தடிப்பு எழும்பியதும் அம்மையாக இருக்கலாம் என்றார். ஐந்தாம் நாள் இரு கண்களும் பீளை இல்லாமலே இரத்தச் சிவப்பாகி, உதடுகள் வெடித்து, செருப்புக்குள் நுழையாத அளவுக்குப் பாதங்கள் வீங்கின. ஆறாம் நாள் வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பணியில் இருந்த மருத்துவர் அவன் நாக்கையும் உள்ளங்கையையும் பார்த்ததுமே உடனே சேர்க்கச் சொல்லிவிட்டார். காவசாகி என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம்.

ஏழாம் நாள் இரவு முழுவதும் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். அது முடிந்து இரண்டு நாளில் காய்ச்சல் திரும்பி வந்ததால் இரண்டாம் முறையும் ஏற்ற வேண்டியதாயிற்று. இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் இடப்பக்கத்து இதயத் தமனி சற்றே விரிந்திருப்பதாகத் தெரிந்தது. இப்போது தினமும் குறைந்த அளவில் ஆஸ்பிரின் கொடுக்கிறோம்; அடுத்த எக்கோ வரும் வாரம்.

மகன் விளையாடுகிறான். ஆனால் காரணமில்லாமல் அலறி அழுகிறான். ஊசி குத்தியிருந்த இடது கையை யாரும் தொட விடுவதில்லை. என் மனைவி இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். ஐந்து நாள் வீணாக்கிவிட்டோமே என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் பேசுவதில்லை. நானோ ஆறுதல் சொல்லத் தெரியாமல் அலுவலக வேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.

எங்களை அதிகம் வருத்துவது ஏழு வயது மகள். காய்ச்சல் தொடங்கியதற்கு முந்தைய நாள், வண்ணப் பென்சில் பெட்டிக்காக இருவரும் சண்டையிட்டார்கள். "நீ எங்கேயாவது போய்விடு" என்று அவள் தம்பியிடம் கத்தியது எனக்கும் கேட்டது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, தம்பிக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவன் வீடு திரும்பிய அன்று இரவு, யாரையும் தொட விடாத அந்தப் பென்சில் பெட்டியை அவன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் எதையும் கேட்பதில்லை, அடம் பிடிப்பதும் இல்லை. அவளிடம் உண்மையைச் சொல்லலாமா, எந்த அளவுக்குச் சொல்லலாம்? மனைவியை எப்படித் தூங்க வைப்பது? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் வந்த தாய்

சகோதரருக்கு வணக்கம். என் மகளுக்கு இரண்டு வயதில் இந்த நோய் வந்தது. இப்போது எட்டு வயது. உங்கள் மனைவி சொல்லும் அந்த ஐந்து நாள் கணக்கை நானும் ஓராண்டுக் காலம் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தவள் என்பதால், முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்த நோயை உறுதி செய்ய ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை என்று எதுவும் இல்லை. ஐந்து நாளாவது நீடிக்கும் காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடிப்பு, தடிப்பு, கைகால் வீக்கம், கழுத்தில் நெறி என்று அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். அவை ஒரே நாளில் வரிசையாக வந்து நிற்பதும் இல்லை. ஒன்று மறைந்த பிறகு மற்றொன்று தோன்றும். இந்த நோய்க்குத் தம் பெயரைத் தந்த ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு காவசாகியே 1961இல் முதல் குழந்தையைப் பார்த்தபோது இன்ன நோய் என்று சொல்ல முடியாமல்தான் இருந்தார். ஐம்பது குழந்தைகளைப் பார்த்துக் குறித்துவைத்த பிறகு, 1967இல்தான் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவருக்கே அவ்வளவு காலம் பிடித்த ஒன்றை, வீட்டில் ஒரு தாய் மூன்றாம் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த விதத்தில் நியாயம்? காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும் என்பதே மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. உங்கள் மகனுக்கு ஏழாம் நாளே ஏற்றிவிட்டார்கள். மருந்து ஏற்றாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத் தமனியில் பாதிப்பு வரும் என்பதும், உரிய காலத்தில் ஏற்றினால் அது நூற்றில் ஐந்து பேர் அளவுக்குக் குறைகிறது என்பதும் எங்கள் மருத்துவர் சொல்லி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கணக்கு. இரண்டாம் முறை ஏற்ற வேண்டி வந்ததையும் தோல்வியாக எண்ண வேண்டாம். பத்துக் குழந்தைகளில் ஒருவர் இருவருக்கு அப்படித்தான் நேர்கிறது.

இரவைப் பற்றி. "பயப்படாதே, தூங்கு" என்று என் கணவர் சொன்ன போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. பயத்தை அடக்கச் சொல்வதைவிட அதற்கு நேரம் குறித்துக் கொடுப்பதே உதவியது. மருத்துவர் சொன்ன நேரங்களில் மட்டும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது, அந்த அளவை ஒரு நோட்டில் எழுதுவது, இரவு இரண்டு மணி வரை அவர், அதற்குப் பிறகு நான் என்று முறை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அவருடைய முறை நடக்கும்போது நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். முதல் மூன்று இரவுகள் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். நான்காம் இரவு தூங்கிவிட்டேன். சகோதரரே, நீங்கள் அலுவலக வேலையில் முகத்தைப் புதைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதி இரவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆறுதல் சொல்லையும்விட அது உங்கள் மனைவிக்குப் பெரிது.

மகனின் அலறலும் நோயின் பகுதிதான். இந்த நோய் கண்ட குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகச் சிணுங்குவார்கள். காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரங்கள் அது இருக்கும். இதற்குள் அவன் விரல் நுனியில், நகத்தை ஒட்டித் தோல் மெல்லிய தாள் போல உரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டு நாங்கள் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடினோம். அதுவும் இரண்டு, மூன்றாம் வாரத்தில் எதிர்பார்ப்பதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பதில் 2: குழந்தைகள் வார்டு செவிலியர்

ஐயா, பதினான்கு ஆண்டுகளாகக் குழந்தைகள் வார்டில் பணிபுரிகிறேன். மருந்தைப் பற்றி நான் சொல்வனவற்றை உங்கள் மருத்துவரிடமும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த நோயின் இரண்டு, மூன்றாம் வாரங்களில் இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் பெருகும். விரிந்திருக்கும் தமனியில் இரத்தம் உறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஆஸ்பிரின். ஆகவே குழந்தை நன்றாக இருக்கிறான் என்று ஒரு நாளும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்தால் இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள். அது ஆஸ்பிரின் வேலை செய்வதைத் தடுக்கும். ஆஸ்பிரின் சாப்பிடும் காலத்தில் வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ இருப்பதாகத் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தொற்றும் ஆஸ்பிரினும் சேரும்போது, அரிதாக என்றாலும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும். இம்யூனோகுளோபுலின் ஏற்றியதால் தட்டம்மை, சின்னம்மை போன்ற, வலுவிழந்த உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை வழக்கமாகப் பதினொரு மாதம் தள்ளிப் போடுவார்கள். தடுப்பூசி அட்டையிலேயே இதைக் குறித்து வாங்கிக்கொள்வது நல்லது. காய்ச்சல் மீண்டும் வந்தாலோ, குழந்தை வெளிறிப்போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலி என்றாலோ காத்திருக்க வேண்டாம். தமனி சற்றே விரிந்திருக்கும் குழந்தைகளில் பலருக்குச் சில வாரங்களில் அது இயல்பான அளவுக்குத் திரும்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் மகனுக்கு எப்படி என்பதை அடுத்த எக்கோ பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறங்க விடாதது அந்தப் பென்சில் பெட்டிதான். அந்த வயதுப் பிள்ளைகள், தாம் நினைத்ததாலோ சொன்னதாலோ ஒரு கெடுதல் நடந்துவிட்டது என்று உண்மையாகவே நம்புவார்கள். அவள் தன் குற்றத்துக்கு ஈடு செலுத்தியிருக்கிறாள். அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே தொடங்குங்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள். தம்பியின் உடம்புக்குள் இரத்தம் ஓடும் குழாய்கள் வீங்கிவிட்டன, அதற்கு மருந்து ஏற்றினார்கள், இன்னும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறான், இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை, சண்டையாலோ கோபத்தில் சொன்ன சொல்லாலோ வருவதில்லை என்பதைத் தனி வாக்கியமாக, அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவனுக்கு நிச்சயம் ஒன்றும் ஆகாது என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த எக்கோவில் என்ன சொன்னாலும் அவளிடம் மறைக்காமல் சொல்வோம் என்ற வாக்கைக் கொடுங்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியும்.

உங்கள் மனைவிக்கு ஒரு மாதம் கடந்தும் உறக்கம் திரும்பாமல், வார்டில் கேட்ட கருவிச் சத்தமோ குழந்தையின் அலறலோ நினைவில் திரும்பத் திரும்ப வந்தால், மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதீர்கள். மனைவியை நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்.

பதில் 3: ஒரு தம்பியின் அக்கா

எட்டு வயதில் நான் அந்தச் சிறுமியின் இடத்தில் இருந்தவள். என் தம்பிக்கு வந்தது மூளைக்காய்ச்சல். வீட்டில் எல்லாரும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று அரைகுறையாகக் கேட்டவற்றைக் கொண்டு, உண்மையைவிடப் பயங்கரமான ஒரு கதையை எனக்குள் கட்டிக்கொண்டேன். அதற்கு முந்தைய வாரம் அவனைத் தள்ளிவிட்டிருந்தேன். தலையில் அடிபட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். தம்பி பிழைத்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்ட பிறகுதான் அம்மாவிடம் அதைக் கேட்டேன். அம்மா திகைத்துப்போய், "இதை ஏனடி அன்றைக்கே கேட்கவில்லை?" என்றார். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

ஐயா, இன்றைக்கே சொல்லுங்கள். அவளை மறுபடியும் உறவினர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எக்கோ எடுக்கும் நாளில் முடிந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். தம்பியின் இதயம் துடிப்பதை அவளும் திரையில் பார்க்கட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு மகளை மடியில் வைத்துக்கொண்டு, செவிலியர் அம்மா எழுதிய வரிசையிலேயே சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டாள். அந்தச் சொல் அவனை ஒன்றும் செய்யவில்லை, நானும் சிறுவயதில் என் அண்ணனிடம் அதையே பலமுறை சொல்லியிருக்கிறேன் என்றேன். பிறகு எழுந்து போய், தம்பியின் தலையணைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தாள். நீலப் பென்சிலை மட்டும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, மீதியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இன்று இரவு இரண்டு மணி வரை என் முறை. மனைவி அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். தூங்கினாளா என்று தெரியாது, கதவைத் திறந்து பார்க்கவில்லை. எக்கோ வியாழக்கிழமை. நால்வரும் போகிறோம்.