பொருள்: மறுமொழி: காருக்குப் பின்னால் ரெயிலர்: ‘ஹிட்ச்’ என்பதற்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

திங்கள், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சொந்தக் காரில் சிறிய சுமை ரெயிலரைப் பூட்டி இழுத்துச் செல்வோருக்கான நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அது அச்சுக்குப் போகவேண்டும். ரெயிலரைப் பூட்டக் காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையைக் ‘குண்டு’ என்றும், அதன்மேல் கவிழ்ந்து பிடிக்கும் ரெயிலர் முனையைக் ‘கவ்வி’ என்றும் எழுதிவிட்டேன். காரின் அடிச்சட்டத்தில் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டு, சதுரக் குழல்வாயைப் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஹிட்ச்தான் மூன்று நாளாக அகப்படாமல் இருக்கிறது. ‘இழுவை இணைப்பான்’ என்று எழுதிவிட்டு மறுநாள் படித்தபோது, அது எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. பாதுகாப்புச் சங்கிலிக்கும் சுருக்கமான சொல் இருந்தால் நல்லது.

திங்கள், தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மையீர், ஈராயிரம் ஆண்டுகளாக வண்டி பூட்டிய இனத்துக்கு இச்சொல் இல்லாமலா போகும்? இழுப்பதையும் இழுபடுவதையும் சேர்ப்பது நுகம். ஆகவே ‘நுகப்பூட்டு’ என்று எழுதுங்கள். சங்கிலிக்கு அதைவிடச் சிறந்த சான்று உண்டு. புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார், பாரம் மிகுந்த வண்டியை நுகம் பழகாத இளைய எருதுகள் இழுக்க, பள்ளத்திலும் மேட்டிலும் என்ன நேருமோ என்று உப்பு வணிகர் முன்கூட்டியே அடிமரத்தில் கட்டிவைத்த மாற்று அச்சைக் ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’ என்று பாடுகிறார். முதன்மைப் பிணைப்பு தவறினால் தாங்குவதற்கென்று வண்டிக்கு அடியில் கட்டப்படும் உங்கள் சங்கிலி, கருத்தளவில் அந்தச் சேம அச்சேதான். ‘சேமச் சங்கிலி’ என்க.

செவ்வாய், கனடாவின் மார்க்கம் நகரத்திலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அன்பர்

ஆசிரியர் ஐயாவின் சேமச் சங்கிலிக்கு என் இரு கைகளையும் உயர்த்துகிறேன். ஆனால் நுகம் இரண்டு மாடுகளின் கழுத்தில் கிடப்பது. காருக்குக் கழுத்தும் இல்லை, இணைமாடும் இல்லை. எங்கள் ஊரில் கொக்கியில் மாட்டுவதைக் ‘கொளுவுதல்’ என்றே இன்றும் சொல்கிறோம். சட்டையை ஆணியில் கொளுவுகிறோம், வாளியைக் கயிற்றில் கொளுவுகிறோம். கொளுவ உதவுவது ‘கொளுவி’. மூன்றெழுத்து, குழந்தைக்கும் விளங்கும்.

செவ்வாய், தஞ்சாவூரிலிருந்து

யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு விளங்கும் என்று திருத்திக்கொள்ளுங்கள். இங்கே அச்சொல்லைக் கேட்பவர் கொழுவையோ கொலுவையோதான் நினைப்பார். ‘கொளு’ என்றால் புறப்பொருள் வெண்பாமாலையில் துறையின் பொருளை விளக்கும் நூற்பாவாயிற்றே! கொள் என்னும் வேரிலிருந்து கொளு, கொளுவு, கொளுத்து, கொளை, கோள் எனக் கிளைப்பவற்றை ஒரு தனிமடலில் விரிவாக எழுதுகிறேன். மேலும் செயலி, செருகி, கவ்வி என்று கண்டதற்கெல்லாம் இகர விகுதி ஒட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

செவ்வாய் இரவு, ஸ்காபரோவிலிருந்து, வாகனப் பட்டறை நடத்துபவர்

நான் தமிழ் படித்தவன் அல்லன். நாள்தோறும் காருக்கு அடியில் படுத்துக்கிடப்பவன். என்னிடம் வருகிற தமிழர் அனைவரும் ஹிட்ச் என்றே கேட்கிறார்கள். நீங்கள் கொளுவி என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. ஒருமுறையாவது பக்கத்தில் ஹிட்ச் என்றும் எழுதிவிடுங்கள்.

என் கவலை வேறு. கையேட்டின் வரைவில் ‘நாக்கு எடை’ என்று ஒரு சொல்லைக் கண்டேன். கவ்வி குண்டின்மேல் அமரும்போது அது கீழ்நோக்கி அழுத்துகிற பாரம்தான் இது. சிறிய ரெயிலர்களில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை அங்கே விழவேண்டும். சரக்கோடு 400 கிலோ இருந்தால் 40 முதல் 60 கிலோ. சென்ற கோடையில் ஒருவர் தரையோடுகளை முழுவதும் ரெயிலரின் பின்கோடியில் அடுக்கிக் கொண்டுவந்தார். ரெயிலரைக் கழற்றக் கவ்வியின் நெம்பைத் தூக்கியவுடன் முனை தானாக மேலே எழும்பியது. அப்படியே நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் ரெயிலர் பக்கத்துக்குப் பக்கம் ஆடி, காரின் பின்புறத்தையும் சேர்த்து இழுத்திருக்கும். குளியலறையில் எடை பார்க்கும் தராசைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கார் உயரத்துக்கே முனையை அதில் இறக்கிக் காட்டினேன். முள் அசையவே இல்லை. ‘நாக்கு எடை’ என்று படிக்கிறவருக்கு இதில் எது புரியும்?

புதன், மதுரையிலிருந்து, வங்கி அலுவலர்

பட்டறை ஐயாவுக்கு: எங்கள் தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். மூட்டை ஏற்றி முடித்ததும் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் ‘முன்பாரம்’, மாட்டின் கழுத்து புண்ணாகும் என்று ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளச் சொல்வார். லேசாக எழும்பினால் ‘பின்பாரம்’. நுகம் தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும் என்பார். தராசில் நீங்கள் அளந்தது முன்பாரம். இதற்குப் புதுச்சொல் எதற்கு?

புதன், ஸ்காபரோவிலிருந்து, பட்டறை

அதுவேதான். பாரம் மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரத்தின் பிடி குறைந்து, இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முன்பாரம், பின்பாரம் இரண்டையும் போடுங்கள். ரெயிலரின் விளக்குக் கம்பிகளில் வெள்ளை பூமி (எர்த்) இணைப்பு, பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்கச் சைகை விளக்கு, பச்சை வலப்பக்கச் சைகை விளக்கு. அவற்றை நிறத்தால் அழைத்தால் போதும், கலைச்சொல் வேண்டாம்.

வியாழன், தஞ்சாவூரிலிருந்து

முன்பாரம் அருமை. ஆனால் பாரம் வடசொல் என்பதை அவை அறிய வேண்டும். ‘முற்பொறை’ எனலாம்.

வியாழன், மார்க்கத்திலிருந்து

ஐயா, தாங்கள் தந்த ‘சேமம்’ மட்டும் எங்கிருந்து வந்ததாம்? க்ஷேமத்தைச் சங்கப் புலவர் வாங்கியது குற்றமில்லை என்றால், வண்டிக்காரர் பாரத்தை வாங்கியதும் குற்றமில்லை.

வெள்ளி காலை, ஸ்காபரோவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. கருத்துச் சொன்ன ஒன்பது பேரில் ஐவர் கொளுவி, இருவர் இழுகொக்கி, ஒருவர் நுகப்பூட்டு, ஒருவர் ஹிட்ச். ஆகவே முதல் பக்கத்தில் ‘ஹிட்ச் எனப்படும் கொளுவி’ என்றும், பிற இடங்களில் கொளுவி என்றும் எழுதியுள்ளேன். முன்பாரத்தை யாரும் மாற்றச் சொல்லவில்லை, முற்பொறை நீங்கலாக. ‘ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டும் ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும்’ என்ற வரியையும், கவ்வி கழன்றால் முனை தரையில் குத்தாமல் தொட்டிலில் விழுவதுபோல் விழ ‘சேம சங்கிலிகள் இரண்டையும் குறுக்காகப் பூட்டுக’ என்ற வரியையும் தடித்த எழுத்தில் இட்டிருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு அனுப்புகிறேன்.

வெள்ளி நண்பகல், தஞ்சாவூரிலிருந்து

கொளுவியை நான் ஏற்கவில்லை. நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். சேமச் சங்கிலியில் ‘ச்’ மிகும். வரைவில் விடுபட்டிருக்கிறது; நான்கு மணிக்கு முன் சேர்த்துவிடுங்கள்.