சனிக்கிழமை முதல் காட்சி, அரங்கம் கிடைப்பது வெள்ளி காலை: எதை முதலில் செய்வது?

கேள்வி: கடைசி_பெஞ்ச்_மேடை

வணக்கம். எங்கள் பல்கலைக்கழக நாடகக் குழுவில் இந்த முறை மேடை நிர்வாகம் என் பொறுப்பு. வரும் சனிக்கிழமை மாலை 7 மணிக்கு முதல் காட்சி. நாடகம் 80 நிமிடம், இடைவேளை கிடையாது. நடிப்பவர்கள் 14 பேர். ஒளி க்யூ (விளக்கு மாற வேண்டிய இடம்) 46, ஒலி க்யூ 31. வசனம் எல்லோருக்கும் பாடம். ஆனால் இதுவரை ஒத்திகை முழுக்க வகுப்பறையில்தான். அரங்கம் வெள்ளி காலை 8 மணிக்குக் கைக்கு வரும், இரவு 10 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மேடை முகப்பு 30 அடி, ஆழம் 22 அடி. இருக்கைகள் 450.

வெள்ளி இரவுக்குள் இரண்டு முறை முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார் இயக்குநர். அந்த 14 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? காலர் மைக் எட்டுதான் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு நடிகைக்கு 40 நொடியில் புடவை மாற்ற வேண்டிய இடமும் இருக்கிறது. அனுபவமுள்ள அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

பதில்: விங்ஸ்_ஓரம்

தம்பி, இரண்டு முழு ஓட்டத்துக்கு நேரம் இருக்காது. ஒன்றுதான் முடியும். அதுவும் வியாழனுக்குள் பாதி வேலை முடிந்திருந்தால்.

இன்றைக்கே தொடங்க வேண்டியது தரை அளவு. வகுப்பறையில் 30 அடி கிடைக்காது. வளாகத்தில் பேட்மின்டன் கோர்ட் இருந்தால் அங்கே போங்கள். கோர்ட்டின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. நீளவாக்கில் 30 அடி அளந்து, ஓரக்கோட்டைத் தாண்டி 2 அடி சேர்த்து டேப் ஒட்டினால் உங்கள் மேடை அப்படியே வந்துவிடும். விங்ஸ் (மேடையின் பக்கவாட்டு மறைவிடம்) எங்கே, உள்ளே வரும் வழி எது என்பதையும் ஒட்டிவிடுங்கள். வகுப்பறையில் நாலு எட்டில் கடந்த இடத்தை மேடையில் ஒன்பது எட்டில் கடக்க வேண்டியிருக்கும். வசனம் தீர்ந்த பிறகும் ஆள் நடந்துகொண்டே இருப்பது இதனால்தான். இதை வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தால் சரிசெய்ய நேரம் இருக்காது.

வியாழன் அன்று நடிகர்கள் யாரும் வேண்டாம். இயக்குநர், லைட் போடுபவர், சவுண்ட் போடுபவர், நீங்கள், நாலு பேர் மட்டும் மேஜையில் உட்காருங்கள். பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, எதிர்ப்பக்கத்தை க்யூவுக்காகக் காலியாக விடுங்கள். 'சண்டை முடிந்ததும்' என்று எழுதாதீர்கள். எந்தச் சொல்லில் விழ வேண்டுமோ அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, நேர் எதிரே 'ஒளி 23' என்று எழுதுங்கள். அரைப் பக்கம் முன்னால், தயாராக இருக்கச் சொல்லும் 'ஸ்டாண்ட்பை ஒளி 23'. நடுவில் புதிதாக ஒன்று முளைத்தால் அது 23.5. எல்லா எண்ணையும் திருப்பி எழுதத் தொடங்கினால் மூன்று பேர் கையில் மூன்று விதமான எண் இருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கு என் கணக்கு இது. 8 முதல் 10 வரை விளக்கு மாட்டுவது மட்டும். ஏணி நகர மேடை காலியாக இருக்க வேண்டும். 10 முதல் 12.30 வரை செட். அதன் பிறகு 2 மணி வரை விளக்குகளை வெளிச்சம் விழ வேண்டிய இடம் நோக்கித் திருப்பி நிறுத்துவது. 2 முதல் 3 வரை சவுண்டுக்கு. அந்த ஒரு மணி நேரம் சுத்தியல், டிரில் எதுவும் கூடாது, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். 3 முதல் 7 வரை க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவும் ஒத்திகை. ஒளியும் ஒலியும் சேர்ந்து விழும் இடங்களைக் கழித்தால் சுமார் 60 நிறுத்தம் வரும். ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் சரியாக 4 மணி நேரம். சாப்பாடு முக்கால் மணி நேரம். 7.45க்கு உடை, ஒப்பனையோடு முழு ஓட்டம், எது நடந்தாலும் நிறுத்தாமல். 9.15க்கு முடிந்தால் குறிப்பு சொல்ல அரை மணி நேரம் கிடைக்கும்.

இயக்குநரிடம் ஒன்று சொல்லுங்கள்: 3 மணி முதல் 7 மணி வரை நடிப்பைத் திருத்தக் கூடாது. அந்த நேரம் லைட் போடுபவருக்கும் சவுண்ட் போடுபவருக்கும் உரியது. அவர்கள் இந்த நாடகத்தைக் கையால் ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

ஹெட்செட்டில் 'கோ' என்ற சொல்லை க்யூவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'அங்கே கோ', 'ஓகே கோ' என்றெல்லாம் பேசினால் யாராவது ஒருவர் பட்டனை அழுத்திவிடுவார். எண்ணை முதலில் சொல்லி, மூச்சு விட்டு, கடைசியில் 'கோ'.

புடவை விஷயம்: மடிப்புகளை முன்கூட்டியே தைத்து, இடுப்பில் வெல்க்ரோ பட்டை வைத்த புடவை வேண்டும். அடுத்த காட்சி ரவிக்கையை முதல் உடைக்குள்ளேயே போட்டுவிடலாம். முந்தானை தோளில் பின் குத்தித் தயாராக இருக்கட்டும். உதவிக்கு இரண்டு பேர், மூன்றாவது ஆள் கூடாது. ஒருவர் இடுப்புக்கு, ஒருவர் தோளுக்கு. கீழே ஒரு வெள்ளைத் துணி, நீல பல்ப் ஒன்று. வெளிச்சத்தில் பத்து முறை, பிறகு இருட்டில் பத்து முறை செய்து பாருங்கள். 40 நொடிக்கான மாற்றம் ஒத்திகையில் 30 நொடிக்குள் முடிந்தால்தான் காட்சியன்று 40 வரும்.

பதில்: மூணு_ஃபேஸ்

ஒளிக்கு மட்டும் சொல்கிறேன்.

வாடகைக்கு என்ன விளக்கு வருகிறது என்று முதலில் கேளுங்கள். பழைய 1000 வாட் பார் (PAR) விளக்கு, அதாவது உருளை வடிவ மேடை விளக்கு என்றால் 230 வோல்ட்டில் ஒன்று சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்றுக்கு மேல் கூடாது. பன்னிரண்டு விளக்கு என்றால் 12 கிலோவாட், 52 ஆம்பியர். அதை மூன்று ஃபேஸிலும் நாலு நாலாகப் பிரிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் மீதியிருந்தால் சுருளாக விடாதீர்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகிவிடும். முழுதாகப் பிரித்து, விங்ஸ் பின்னால் நீளமாகப் போடுங்கள்.

எல்இடி பார் என்றால் மின்சாரக் கவலை குறைவு, சிக்னல் கவலை அதிகம். ஒரு விளக்குக்கு எட்டு சேனல் (நிறம், வெளிச்சம் போன்றவற்றுக்கான தனித்தனிக் கட்டுப்பாடு) என்றால் விளக்குகளின் தொடக்க முகவரி 001, 009, 017 என்று எட்டெட்டாகத் தாவ வேண்டும். விளக்கிலிருந்து விளக்குக்குச் சங்கிலியாகவே போக வேண்டும், நடுவில் இரண்டாகக் கிளை பிரிக்கக் கூடாது. கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் பிளக்) மாட்டுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பிளக்கும் ரெசிஸ்டரும் வாங்கிப் பத்து நிமிடத்தில் நீங்களே சால்டர் செய்துவிடலாம். இந்த சிக்னலுக்கான டிஎம்எக்ஸ் கேபிள் போதவில்லை என்று மைக் கேபிளைப் போட்டால் நடுக்காட்சியில் விளக்கு துடிக்கும். மாலை வரை ஒழுங்காக வேலை செய்துவிட்டுக் காட்சி நேரத்தில் துடிக்கும் என்பதால் எல்லோரும் விளக்குகளை இயக்கும் போர்டைத்தான் சந்தேகப்படுவார்கள்.

முகத்துக்கு: சிவப்பு, பச்சை, நீலம் கலந்து வரும் வெள்ளையில் நம் மாநிறம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். வார்ம் ஒயிட் அல்லது ஆம்பர் உள்ள விளக்குகளை முன்பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒப்பனையை ஒப்பனை அறையின் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருவருக்கு மட்டும் போட்டு, மேடையில் நிற்கவைத்து, பத்தாவது வரிசையிலிருந்து பாருங்கள்.

மெதுவாக அணையும் க்யூ இருந்தால் கடைசிப் பத்து சதவீதத்தைத் தனியாகப் பாருங்கள். பல எல்இடி விளக்குகள் அந்த இடத்தில் படிக்கட்டு இறங்குகிற மாதிரி தட்டித் தட்டி அணையும். விளக்கின் மெனுவிலேயே டிம்மர் வேகத்தை மாற்றலாம். எல்லா விளக்கிலும் ஒரே அமைப்பு இருக்கட்டும்.

போர்டுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு யுபிஎஸ். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் சில நொடியில் விளக்கு அணைந்தால் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். போர்டு அணைந்து மறுபடி எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆனால் நாடகம் போய்விடும்.

கடைசி_பெஞ்ச்_மேடை

ரொம்ப நன்றி. கோர்ட்டுக்கு அனுமதி வாங்கியாச்சு. இன்னொரு சிக்கல்: நாடகத்துக்கு முன் குத்துவிளக்கு ஏற்றி, சிறப்பு விருந்தினர் பேசி, பொன்னாடை போர்த்த வேண்டும் என்று துறையில் சொல்கிறார்கள். 20 நிமிடமாம். செட் எல்லாம் மேடையில் இருக்குமே?

பதில்: நாலாவது_சேனல்

மைக் பற்றி முதலில். எட்டு மைக் 14 பேருக்கு என்றால், வசனம் அதிகமுள்ள ஐந்து பேருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். மீதி மூன்றைக் காட்சிவாரியாக மாற்றுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எந்த விங்ஸில், எத்தனை நிமிட இடைவெளியில் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு ஒப்பனை அறையிலும் மிக்ஸர் அருகிலும் ஒட்டுங்கள். இடைவெளி 3 நிமிடத்துக்குக் குறைந்தால் அந்த மாற்றமே வேண்டாம், குரலைத் தூக்கிப் பேசட்டும். 450 இருக்கை அரங்கில் பழகிய குரல் கடைசி வரிசை வரை போகும்.

காலர் என்று பேர்தானே தவிர அதைக் காலரில் மாட்ட வேண்டாம். தலையைத் திருப்பினால் குரல் போய்விடும். நெற்றி முடிக்கோட்டில், மருந்துக்கடை டேப்பால் ஒட்டுங்கள். பெண் பாத்திரங்களுக்கு மல்லிகைச் சரம் இருந்தால் மைக் அந்தப் பக்கம் வரக் கூடாது. பூ உரசும் சத்தம் ஸ்பீக்கரில் காகிதம் கசக்குவது போல் கேட்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கண்ணாடி வளையல் இரண்டும் அப்படித்தான். வளையலை ரப்பர் பேண்ட் போட்டு ஒன்றாகக் கட்டினால் அடங்கிவிடும்.

நம்மூர் வியர்வைக்கு டிரான்ஸ்மிட்டரைச் சின்ன ஜிப் கவரில், வாய் கீழே பார்த்தபடி வையுங்கள். வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலேற்றி டேப் ஒட்டினால் கழுத்து வழியாக இறங்கும் வியர்வை அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

அளவு வைக்கும்போது 'ஹலோ, மைக் டெஸ்டிங்' வேண்டாம். ஒவ்வொருவரும் அவரவர் பாத்திரத்தில் மிகச் சத்தமாகக் கத்தும் வரியைச் சொல்லட்டும். கெயினை (மைக் உள்ளே வாங்கும் அளவை) அதற்கு ஏற்பத்தான் வைக்க வேண்டும். லோ கட் (அடித்தொனி இரைச்சலை வெட்டுவது) 100 ஹெர்ட்ஸ். மேடையை விட்டு வெளியே போனவரின் சேனல் உடனே மியூட். லேப்டாப்பிலிருந்து 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சிக்கல், நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (லேப்டாப்பையும் மிக்ஸரையும் இணைக்கும் சின்னப் பெட்டி) போட்டு அதன் கிரவுண்ட் சுவிட்சைத் தூக்கிவிட்டால் தீரும். பேட்டரி காட்சியன்று புதுசு. ஒத்திகையில் போட்டதைக் காட்சிக்குப் போடாதீர்கள்.

விழாவுக்கான மைக்குகள் உங்கள் எட்டோடு சேரக் கூடாது. தனிச் சேனல், வயர் மைக்.

பதில்: விங்ஸ்_ஓரம்

விழாவை நாடகம் முடிந்த பிறகு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். விருந்தினருக்கும் பார்த்த நாடகத்தைப் பற்றிப் பேச ஏதாவது இருக்கும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முன்திரையை மூடி, திரைக்கு முன்னால் இருக்கும் விளிம்பில் பேச்சு. குத்துவிளக்கை மேடையில் ஏற்ற வேண்டாம், கீழே முதல் வரிசை அருகில், தட்டு வைத்து. ஒரு துளி எண்ணெய் மரத்தரையில் விழுந்தால் வெறுங்காலில் ஓடும் நடிகர் வழுக்குவார். துடைத்தால் இன்னும் பரவும், சோப்புத் தண்ணீர் போட்டுக் காயவைக்க நேரம் இருக்காது. குழு பூஜையில் தேங்காய் உடைப்பதும் திருஷ்டிப் பூசணியும் அப்படியே, வாசலுக்கு வெளியே.

20 நிமிடம் என்பது 35 ஆகும். அதனால் ஒப்பனையின் கடைசிப் பவுடரை விருந்தினர் மேடையேறிய பிறகு போடச் சொல்லுங்கள். முதல் மணி பொன்னாடை முடிந்ததும். இரண்டாவது, போடியத்தையும் அதன் வயரையும் எடுத்து முடித்ததும். இதற்கென்றே இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், இல்லாவிட்டால் திரை விலகும்போது போடியம் அங்கேயே நிற்கும். மூன்றாவது மணிக்கு முன் முதல் காட்சி நடிகர்களை விங்ஸில் நீங்களே தலை எண்ணிவிடுங்கள். ஹெட்செட்டில் லைட், சவுண்ட் இருவரும் 'ரெடி' சொன்ன பிறகு அடியுங்கள்.