மாட்டு ஊசி, கண் சொட்டு மருந்து, பிரசவ ஜெல்: புரோஸ்டாகிளாண்டினோடு உங்களுக்கு என்ன அனுபவம்?

காரிமங்கலத்து வாத்தியார்:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். மருத்துவம் எனக்குத் தூரத்து உறவு. ஆனால் ஒரே சொல் இந்த ஆண்டில் இரண்டு முறை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கன்று ஈன்று ஐந்து மாதமாகியும் எங்கள் சிந்து மாடு பருவத்திற்கு வரவில்லை. கத்தவில்லை, வழும்பு ஒழுகவில்லை. ஊமைப் பருவமாக இருக்கும் என்று பால் சொசைட்டியில் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே கை விட்டுப் பார்த்தார். “ஏற்கெனவே சினை ஊசி ஏதாவது போட்டீர்களா? காளையோடு சேர்ந்ததா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். நான்காவது முறை என் மனைவியிடம் கேட்டார். வாத்தியார் சொல்லை நம்பாத ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஊசியை எடுத்தார். சாணி அள்ள வந்த மருமகளைப் பார்த்ததும், “அம்மா, நீங்கள் மாசமாக இருக்கிறீர்களா? இந்தப் பக்கமே வராதீர்கள்” என்று விரட்டாத குறையாக அனுப்பினார். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். மருந்து தோலில் பட்டாலே உள்ளே இறங்கிவிடுமாம். ஆஸ்துமா உள்ளவர்களும் தள்ளி நிற்க வேண்டுமாம். ஊசி போட்ட மூன்றாம் நாள் விடியற்காலையில் மாடு ஊரையே எழுப்பியது. அன்றே சினை ஊசி போட்டோம். இப்போது ஐந்து மாதச் சினை.

அடுத்த மாதமே எனக்கு இடது கண்ணில் நீர் அழுத்தம் என்று கண்டுபிடித்து, இரவில் ஒரு சொட்டு விடும் மருந்தைக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், மாட்டு மருத்துவர் சொன்ன அதே புரோஸ்டாகிளாண்டின்! மாட்டைக் கத்த வைத்தது என் கண்ணில் என்ன செய்கிறது? இடது கண் இமை முடி மட்டும் நீண்டு அடர்த்தியாகி, பேத்தி என்னை “ஒற்றைக்கண் நடிகை” என்று கூப்பிடுகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.

பாலக்கோடு மருந்தாளுநர்:

வணக்கம் ஐயா. இமை முடி வளர்வது அந்தச் சொட்டு மருந்தின் பக்க விளைவுதான், பயப்பட வேண்டாம். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அது இளக்கிவிடுகிறது, அழுத்தம் குறைகிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காது.

பெயர்க் கதை வேடிக்கையானது. 1930களில் ஸ்வீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர் இதை விந்துத் திரவத்தில் கண்டார். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து அதன் பெயரையே வைத்துவிட்டார். அதில் பெரும்பங்கு விந்துப்பையிலிருந்து வருவது என்று பிறகுதான் தெரிந்தது. உடம்பில் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் இதைச் செய்கின்றன என்பதும் தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் ஊரில் ஏரியே இல்லாத ஏரிக்கரைத் தெரு இருக்கிறதே, அது போல.

ஹார்மோன் என்றால் ஓரிடத்தில் சுரந்து ஊரெல்லாம் சுற்றும். இது அப்படியில்லை. செல்லின் உறையில் இருக்கும் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பிலிருந்து, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் நேரத்தில் உருவாகும். அக்கம்பக்கத்துச் செல்களுக்குச் சேதி சொல்லிவிட்டு அழிந்துவிடும். இரத்தத்தில் கலந்தாலும் நுரையீரலைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால் கண்ணில் ஒரு வேலை, கர்ப்பப்பையில் வேறு வேலை.

உங்கள் மாட்டுக்கு நடந்தது இது: சினைப்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி உண்டு, கார்பஸ் லூட்டியம் என்பார்கள். அது இருக்கும்வரை அடுத்த பருவம் வராது. சினை பிடிக்காத மாட்டில் கர்ப்பப்பையே புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி அதைக் கரைக்கும். நுரையீரலில் போய் மாட்டக்கூடாது அல்லவா? கர்ப்பப்பையின் சிரையும் சினைப்பைக்குப் போகும் தமனியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்து குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான். மருத்துவர் நான்கு முறை கேட்டதன் காரணமும் அதுவே. மாடு சினையாக இருந்திருந்தால் கட்டியோடு கருவும் போயிருக்கும்.

பென்னாகரத்தான்:

எங்கள் வீட்டில் இதைக் கெடுத்துக்கொண்ட கதை.

எங்கள் ஊர் போர் தண்ணீர் பற்றித் தெரியும்தானே? ஃபுளோரைடு. அம்மா பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர். பல் பழுப்பு, முதுகு விறைப்பு, முழங்காலை மடக்க முடியாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. எலும்பில் ஏறியது இறங்குமா?

வலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, காலை மாலை. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, வாங்கி வந்து கொடுத்தவன் நான்தான். இரண்டு வருடம். அம்மா களை பறிக்கப் போனார், ஆடு மேய்த்தார், “மாத்திரை என் மூன்றாவது கால்” என்றார். நெஞ்செரிச்சலைப் புளிச்சாறு குடித்ததால் வந்தது என்று நினைத்தோம்.

போன தை மாதம் காட்டில் மயங்கி விழுந்தார். நான்கு நாளாக மலம் தார் போலக் கறுப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் ஆறு. மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பையில் புண், அதிலிருந்து கசிவு.

அந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். முழங்காலில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது புரோஸ்டாகிளாண்டின். இரைப்பைச் சுவரில் சளியைப் பூசி அமிலத்திலிருந்து காப்பதும் அதே இனம்தான். அதைச் செய்யும் நொதியை மாத்திரை அடைக்கிறது. காலில் அடைத்தால் வயிற்றிலும் அடைபடும். சிறுநீரகத்திற்குப் போகும் இரத்தமும் குறையலாம். “முழங்காலுக்குப் போகும் மடையை மட்டும் அடைக்க மாத்திரைக்குத் தெரியாது” என்றார். வயலில் மடை திருப்புகிறவன் நான், எனக்கு அது உடனே புரிந்தது.

இப்போது பாரசிட்டமால், ஒத்தடம், கைத்தடி. வலி இருக்கத்தான் செய்கிறது.

ஓசூர் ரோஜா:

பென்னாகரத்து அண்ணா, அம்மா நலமா?

என்னுடையது சின்ன விஷயம். மாதவிடாயின் முதல் நாள் தொழிற்சாலையில் நின்று வேலை செய்ய முடியாது. தாங்க முடியாத நிலை வரும்வரை பல்லைக் கடித்துவிட்டு, கடைசியில் மாத்திரை போடுவேன், கேட்காது. வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு. கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரும்போது வெளிவரும் புரோஸ்டாகிளாண்டின்தான் தசையை இறுக்கிப் பிழிகிறது, குடலையும் விடுவதில்லை என்று டாக்டர் அம்மா சொன்னார். அது உருவான பிறகு மாத்திரை போடுவதால் என்ன பயன்? வலி தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார். வருடத்தில் பன்னிரண்டு நாள் சம்பளம் மிச்சம். பாட்டியின் ஓமக் கஷாயத்தையும் விடவில்லை, அவர் மனம் நோகுமே.

மலையேறும் செவிலி:

ரோஜா, ஒரு வார்த்தை. பின்னால் கர்ப்பமானால் அந்த மாத்திரையை நீயாகப் போடாதே. குழந்தை வயிற்றில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. இரத்தம் அதைச் சுற்றிப் போக இதயத்தருகே ஒரு குறுக்குக் குழாய் உண்டு. அதைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். கடைசி மாதங்களில் இந்த வகை மாத்திரை அதை முன்கூட்டியே மூடிவிடலாம்.

ஒருமுறை, பிறந்த இரண்டாம் நாள் நீலம் பாய்ந்த குழந்தையோடு கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர்வரை ஆம்புலன்ஸில் போனேன். இதயக் கோளாறு. அந்தக் குழாய் வழியாகத்தான் அதற்கு உயிரே ஓடியது, அதுவோ மூடத் தொடங்கியிருந்தது. புரோஸ்டாகிளாண்டின் சொட்டுச் சொட்டாக ஏறியது. அந்த மருந்தில் குழந்தை மூச்சை மறந்துவிடவும் கூடும். சூளகிரி தாண்டியது, ஓசூர் தாண்டியது எதுவும் எனக்குத் தெரியாது. அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது அந்தப் பையன் பால்வாடிக்குப் போகிறான்.

தேர்தல் பெட்டியைக் கழுதைமேல் ஏற்றிப் போன கோட்டூர் மலை மாதிரி ஊர்களில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசிக்குக் குளிர் வேண்டும். மிசோபிரஸ்டால் மாத்திரை இதே இனம், அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டாம்.

வாத்தியார் ஐயா, மருமகளுக்கு எட்டாம் மாதம் இருக்குமே. நாள் கடந்தும் வலி வராவிட்டால் கர்ப்பப்பையின் வாய் இளக ஒரு ஜெல் வைப்பார்கள். அதுவும் இதுதான். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தையல் போட்ட இடம் கிழியும் அபாயம் உண்டு.

காரிமங்கலத்து வாத்தியார்:

அனைவருக்கும் நன்றி. பென்னாகரத்துத் தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் என் மேசை இழுப்பறையிலிருந்த வலி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு. நாளை மருத்துவரிடம் காட்டுகிறேன்.

செவிலி அம்மா எழுதியதை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இது முதல் பிரசவம், தையல் கவலை இல்லை. “மூன்றாம் மாதம் என்னைக் கொட்டகையிலிருந்து விரட்டியதே, அதையா பத்தாம் மாதம் எனக்கே வைப்பார்கள்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அதுவரை உங்கள் சொட்டு மருந்து பாட்டிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் மாமா” என்றாள். அதற்கு அவ்வளவு பயம் தேவையா, மருந்தாளுநர் தம்பி? இரவு ஒன்பது மணிக்கு ஃபிரிட்ஜில் தடவித் தேடுகிறேன், தயிர்ச் சட்டிதான் கையில் வருகிறது.