சிம்பொனி இசைக்குழுவின் ‘கண்டக்டர்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செங்காங்கிலிருந்து:

அன்பர்களே, வணக்கம். சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழுவின் வரலாற்றை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1979 ஜனவரி 24 அன்று சிங்கப்பூர் மாநாட்டு மண்டபத்தில் 41 கலைஞர்களோடு முதல் கச்சேரி. முன்னால் நின்று கோல் அசைத்து இசையை வழிநடத்திய கண்டக்டர் சூ ஹுவே. 1996 வரை அவர்தான். 1997 முதல் 2019 வரை லான் ஷுவி. அப்புறம் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் கிராஃப். இவர்களை எப்படிக் குறிப்பது? ‘நடத்துநர்’ என்று எழுதினால் பஸ் நினைவுக்கு வருகிறது என்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கிராஃப் 2020இல் சீஃப் கண்டக்டராக வந்து 2022இல் மியூசிக் டைரக்டர் ஆனார். ‘இசை இயக்குநர்’ என்றால் சினிமாவுக்கு மெட்டுப் போடுபவர் என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்?

தோ பாயோவிலிருந்து:

தம்பி, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அமைதி, அதாவது தகுதி, சொல்கிறார் இளங்கோ. அவர்களில் தண்ணுமை என்ற முழவை வாசிப்பவனைத்தான் ‘அருந்தொழில் முதல்வன்’ என்கிறார். தாளம் யார் கையில் இருக்கிறதோ அவரே முதல்வர். தோற்ற மன்னனின் குடைக்காம்பில் மணி பதித்துச் செய்த தலைக்கோலையும் அங்கேயே காணலாம். கோல் பிடித்து இசையை ஆளும் மரபு நமக்குப் புதிதல்ல. பல்லியம் என்றால் பல வாத்தியங்கள். ‘பல்லிய முதல்வர்’ என்று எழுதுங்கள்.

பிடோக்கிலிருந்து:

ஐயா மன்னிக்கணும், தலைக்கோல் ஆடல்மகளுக்குரிய பட்டம். தண்ணுமையோன் வாசிக்கிறவர்; கண்டக்டரோ மேடையில் ஓர் ஒலியும் எழுப்பாதவர். நான் வயலின் வாசித்துப் பழகியவள் என்பதால் சொல்கிறேன்: அவர் வேலையில் பெரும்பகுதி ஒத்திகையிலேயே நடந்துவிடும். வேகம் எவ்வளவு, ஊதுகருவிகள் எங்கே அடங்க வேண்டும், ஓர் இசைத்தொடரில் எங்கே மூச்சுவிட இடம் தர வேண்டும் என்று அங்கேதான் முடிவாகிறது. ஐரோப்பாவிலேயே 18ஆம் நூற்றாண்டில் முதல் வயலின்காரரோ விசைப்பலகைக்காரரோ வாசித்துக்கொண்டே வழிநடத்தினார்கள். கோல் பிடித்துத் தனியாக நிற்கும் ஆள் நிலைபெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். நம் கச்சேரியில் தாளம் பாடகர் கையிலும் இருக்கிறது, ரசிகர் தொடையிலும் இருக்கிறது. இல்லாத வேலைக்குப் பழைய பெயர் எங்கிருந்து கிடைக்கும்?

அதோடு, இங்கே ‘முதல்வர்’ என்றால் பள்ளி முதல்வர். ‘நடத்துநர்’ பற்றிக் கவலையே வேண்டாம். நம் பேருந்தில் ஓட்டுநர் மட்டும்தான். ஈசூனில் பிறந்த பிள்ளை பஸ் நடத்துநரைப் பார்த்திருக்காது. சென்னையின் குழப்பத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஜூரோங்கிலிருந்து:

அம்மா சொல்வது சரி, ஆனால் பல்லியத்தைக் கைவிடாதீர்கள். நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு சங்கப் புலவர் இருக்கிறார். புறநானூற்று 64ஆம் பாட்டில் யாழ், ஆகுளி, பதலை என்ற பறைகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவோமா என்று விறலியை, அதாவது ஆடிப்பாடும் பெண்ணை, அழைப்பவர் அவர்தான். பல இயம், பல்லியம். இதைவிடத் துல்லியமாக எந்த மொழியில் சொல்ல முடியும்? கிரேக்கத்தில் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ ஆட்டக்காரர்கள் ஆடிய இடத்தின் பெயர். கருவிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சிம்பொனிக்கு ‘ஒத்திசை’ போடலாம். ஒத்திசைப் பல்லியம்.

உட்லண்ட்ஸிலிருந்து:

பதின்மூன்று வயதுப் பிள்ளை ‘பல்லியம்’ என்பதைப் பல்லியோடு சேர்த்துப் படிக்கும், ஐயா. 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது அந்தச் சொல் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு ‘ஒத்திசை’யைப் புகுத்தினால் யாருக்கு லாபம்?

ஜூரோங்கிலிருந்து:

புரியாது புரியாது என்றே எத்தனை சொல்லை இழப்பது? ‘மென்பொருள்’ முதல் நாளே எல்லாருக்கும் புரிந்ததா? பாடத்தில் வராத சொல் வாயில் எப்படி வரும்?

செங்காங்கிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலோர் ‘நடத்துநர்’ பக்கம் நிற்பதால் அதையே வைக்கிறேன். சீஃப் கண்டக்டர் ‘தலைமை நடத்துநர்’. மியூசிக் டைரக்டருக்கு ‘இசைத் தலைவர்’. எந்தப் படைப்புகளை வாசிப்பது, யாரைச் சேர்ப்பது என்பதிலெல்லாம் அவருக்குப் பொறுப்பு உண்டு என்பதால் தலைவர் பொருந்துகிறது. ‘சிம்பொனி இசைக்குழு’ அப்படியே இருக்கும். பொறுப்பு முடிந்தபின் குழு தந்த சிறப்புப் பட்டங்களும் உண்டு: சூ ஹுவேக்குக் கண்டக்டர் எமெரிட்டஸ், லான் ஷுவிக்குக் கண்டக்டர் லாரியேட். இருவருக்கும் ‘மதிப்புறு நடத்துநர்’ என்று போட்டுவிடட்டுமா?

ஜூரோங்கிலிருந்து:

கூடாது. குழுவே வேறுபடுத்தித் தந்த இரண்டு சிறப்பை நாம் ஒன்றாக்க உரிமையில்லை. 17 ஆண்டு அடித்தளம் போட்டவருக்குத் ‘தகைசால் நடத்துநர்’, மற்றவருக்கு ‘மதிப்புறு நடத்துநர்’ என்று பிரித்துப் போடுங்கள். பல்லியத்தை நான் விடவில்லை. என் வகுப்பில் திங்கள்கிழமை அதைத்தான் எழுதுவேன்.