ஏற்காட்டு லினக்ஸ் சர்வரின் தகவல் சேலத்து சாபிக்ஸுக்கு வரவில்லை: உதவி தேவை

கேள்வி (ஏற்காடு):
வணக்கம். இங்குள்ள காப்பித் தோட்ட அலுவலகம் ஒன்றின் சம்பளக் கணக்கும் கொட்டை இருப்புக் கணக்கும் ஓர் உபுண்டு சர்வரில் உள்ளன. அதன் வட்டு நிரம்புவதை முன்கூட்டியே அறிய வேண்டி, நிலையான ஐபி முகவரியுடன் சேலம் அஸ்தம்பட்டியில் இயங்கும் சாபிக்ஸ் (கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) சர்வரில் அதைச் சேர்த்தேன். இங்குள்ள சர்வரில், அளந்து தகவல் தரும் சாபிக்ஸ் நிரலான ஏஜென்ட் 2 ஓடுகிறது. ஃபயர்வாலில் 10050 போர்ட்டைத் திறந்து, வெளியிலிருந்து வரும் இணைப்பு சர்வரை எட்ட ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் செய்திருக்கிறேன். ஆயினும் சேலத்திலிருந்து, ஏஜென்ட்டிடம் தகவல் கேட்டுப் பார்க்கும் சாபிக்ஸ்-கெட் கட்டளையைக் கொடுத்தால் டைம்-அவுட் என்றே வருகிறது. எங்கே தடை இருக்கக்கூடும்?

பதில் (சூரமங்கலம்):
ஐயா, ரூட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரியை முதலில் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது உங்கள் ரூட்டரில் எதைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்களை எட்டாது.

அதற்கு ஆக்டிவ் செக் முறையே சரி. அதில் ஏஜென்ட் தானாகவே சேலத்தின் 10051 போர்ட்டுக்குத் தொடர்புகொண்டு, எதை அளக்க வேண்டும் என்ற பட்டியலைப் பெற்று, அளந்ததை அனுப்பிவிடும். கான்ஃபிக் கோப்பில் 'சர்வர்ஆக்டிவ்' வரியில் சேலத்து முகவரியைக் கொடுத்து, சாபிக்ஸில் உங்கள் சர்வருக்கான பதிவான ஹோஸ்ட்டுக்கு, அளக்க வேண்டியவற்றின் ஆயத்தப் பட்டியலான லினக்ஸ் ஆக்டிவ் டெம்ப்ளேட்டை இணையுங்கள். 10051 சேலத்தில் திறந்திருந்தால் போதும். மலையில் திறந்த 10050-ஐ மூடிவிடலாம். தகவல் பொது இணையம் வழியாகச் செல்வதால், பிஎஸ்கே (இரு பக்கமும் முன்பே பகிர்ந்த ரகசியச் சாவி) குறியாக்கத்தையும் தயவுசெய்து விடாமல் அமையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. வான் முகவரி 100.72 என்றுதான் தொடங்குகிறது. நீங்கள் சொன்னபடி மாற்றியதும், ஏஜென்ட்டின் லாக் கோப்பில் ஹோஸ்ட் காணப்படவில்லை என்ற செய்தி வருகிறது.

பதில் (சூரமங்கலம்):
அப்படியானால் இணைப்பு கிடைத்துவிட்டது; பெயர்தான் பொருந்தவில்லை. ஏஜென்ட்டோடு வரும் கோப்பில் 'ஹோஸ்ட்நேம்' வரியில் 'சாபிக்ஸ் சர்வர்' என்றே எழுதியிருக்கும். அதை நீக்கி, சாபிக்ஸ் திரையில் 'ஹோஸ்ட் நேம்' கட்டத்தில் உள்ள பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுகூட இல்லாமல் அப்படியே எழுதி, ஏஜென்ட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். திரையில் காட்டுவதற்கான 'விசிபிள் நேம்' வேறு. அதை ஏஜென்ட் பார்ப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
தகவல் வரத் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால், அந்த நேரத்துத் தகவல் இழக்கப்படுமா?

பதில் (ஓமலூர்):
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இயல்பான அமைப்பில் ஏஜென்ட் நினைவகத்தில் மட்டுமே தகவலைச் சேர்த்து வைப்பதால், நீண்ட துண்டிப்பில் பழையவை போய்விடும்; மின்சாரம் போனால் எல்லாமே போய்விடும். ஏஜென்ட் 2-இல் பெர்சிஸ்டன்ட் பஃபர் என்ற வசதியை இயக்கி, சாபிக்ஸ் பயனர் எழுதக்கூடிய ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், தகவல் வட்டிலேயே காத்திருந்து இணைப்பு திரும்பியதும் சேலம் வந்துசேரும். காலவரம்பு இயல்பில் 1 மணி நேரம்தான். மலைக்கு அது போதாது, 24 மணி நேரமாக்குங்கள். அளந்த நேரத்தை ஏஜென்ட்தான் குறிப்பதால் நேரத்தைச் சரிசெய்யும் குரோனி நிரல் கொண்டு சர்வரின் கடிகாரத்தையும் சரியாக வைத்திருங்கள். தகவல் நின்றுபோனதை உடனே அறிய, குறித்த நேரம் தகவல் வராவிட்டால் எச்சரிக்கும் 'நோடேட்டா' டிரிகர் ஒன்றைச் சேலத்துப் பக்கத்தில் வையுங்கள்.