கோவிட் காலத்தில் வெளிநாடு போனவர்கள்: கவுன்ட்டரில் உங்களுக்கு என்ன நடந்தது?

நானே தொடங்குகிறேன். 2021 டிசம்பர், ஒமிக்ரான் பயம் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்கா போகவேண்டியிருந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கு அதுவரை மூன்று நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட் போதும். டிசம்பர் 6 முதல் எல்லாருக்கும் ஒரே நாள் என்று மாற்றிவிட்டார்கள். நான் முந்தைய நாள் காலையில் சாம்பிள் கொடுத்திருந்தேன், விமானம் மறுநாள் இரவு. செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "24 மணி நேரம் தாண்டிடுச்சே சார்" என்றார். அமெரிக்காவின் கணக்கு மணிக்கணக்கே இல்லை, நாள்கணக்கு. முந்தைய நாள் எந்த நேரத்தில் எடுத்திருந்தாலும் செல்லும் என்றுதான் அப்போது விதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பக்கத்தைப் போனில் திறந்து நீட்டினேன், அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் மேலதிகாரி வந்து டைமாடிக்கில் தட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினார். விமான நிறுவனங்கள் நுழைவு விதிகளைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் தரவுத்தளம் அது. அதில் இருப்பதுதான் அவர்களுக்கு வேதம்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே இறங்கியபின் குடியேற்ற அதிகாரி அந்த ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. தகுதியில்லாத பயணியை ஏற்றிவந்தால் திருப்பிக் கூட்டிப்போகும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் கிளம்பும் இடத்திலேயே அத்தனை கெடுபிடி. உங்களுக்கெல்லாம் எப்படி?

*

எனக்குத் தலைவலி கொடுத்தது மணிக்கணக்குதான். இந்தியாவிலிருந்து துபாய். 48 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் டெஸ்ட் ரிப்போர்ட், அதில் க்யூஆர் கோடு கட்டாயம். நேரத்தை ரிசல்ட் வந்ததிலிருந்து இல்லை, சாம்பிள் எடுத்ததிலிருந்து எண்ண வேண்டும். இது போதாதென்று, விமானம் கிளம்புவதற்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே இன்னொரு ரேபிட் பிசிஆர்.

மூக்கில் குச்சியை விட்டு எடுத்துக்கொண்டு வெளியே உட்காரச் சொன்னார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் ட்ராலி மேல். ரிசல்ட் வரவர ஒவ்வொருவராக எழுந்து செக்-இன் பக்கம் ஓடினார்கள். என் எதிரே ஒரு குடும்பம், நாலு பேர். அப்பாவுக்கு மட்டும் பாசிட்டிவ். இரண்டு நாள் முன்பு எடுத்த ரிப்போர்ட்டில் அதே மனிதருக்கு நெகட்டிவ். பெட்டிகளைப் பிரித்து, யாருடைய துணி எதில் இருக்கிறது என்று அங்கேயே தரையில் வைத்துத் தேடினார்கள். கடைசியில் யாருமே போகவில்லை. 2022 பிப்ரவரியில் அந்த ரேபிட் டெஸ்ட்டை எடுத்துவிட்டார்கள்.

*

அம்மாவுக்குக் கோவிட் வந்து குணமாகிவிட்டது, ஆனால் பிசிஆர் எடுத்தால் பாசிட்டிவ் என்றே வந்துகொண்டிருந்தது. செத்த வைரஸின் துணுக்குகள் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். இதற்கும் அமெரிக்க விதியில் ஒரு வழி இருந்தது: 90 நாளுக்குள் வந்த பாசிட்டிவ் ரிப்போர்ட், கூடவே பயணம் செய்யலாம் என்று மருத்துவர் தரும் கடிதம். மருத்துவமனை முதலில் கொடுத்த கடிதத்தில் 'குணமடைந்துவிட்டார்' என்று மட்டும் இருந்தது. பயணம் என்ற பேச்சே இல்லை. லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் போட்டு மறுபடி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கவுன்ட்டரில் அந்த ஒரு வரியைத்தான் விரல் வைத்துப் படித்தார்கள்.

*

குழந்தைகளோடு போனவர்களைக் கேளுங்கள்! அப்போது இந்தியா வர 5 வயதுக்குக் கீழே இருந்தால் டெஸ்ட் தேவைப்படவில்லை, அமெரிக்கா போக 2 வயதிலிருந்தே தேவைப்பட்டது. ஒரே பயணத்தில் போக ஒரு சட்டம், வர ஒரு சட்டம்.

*

என் அனுபவம் கொஞ்சம் கசப்பு. 2021 அக்டோபர் முதல் வாரம், பிரிட்டன். இரண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டிருந்தேன். அஸ்ட்ராஜெனகாவின் அதே தடுப்பூசி, இந்தியாவில் தயாரானது. அங்கே தயாரான டோஸ்களைப் பிரிட்டனே வாங்கித் தன் மக்களுக்குப் போட்டிருக்கிறது. ஆனால் இந்தியச் சான்றிதழை மட்டும் அப்போது அவர்கள் ஏற்கவில்லை. ஊசி சரி, தாள் சரியில்லை என்றார்கள், இதை யாரிடம் போய்ச் சொல்ல? ஆக, நான் தடுப்பூசி போடாதவர் கணக்கில் சேர்ந்தேன். கிளம்பும் முன் ஒரு டெஸ்ட், போனபின் 10 நாள் தனிமை, இரண்டாம் நாளும் எட்டாம் நாளும் டெஸ்ட். அந்த டெஸ்ட் கிட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டி, முன்பதிவு எண்ணைப் போட்டால்தான் பயணி விவரப் படிவமே நிறைவு பெறும். படிவம் இல்லாவிட்டால் போர்டிங் பாஸ் இல்லை. இவ்வளவு கறாராகக் கேட்டு வாங்கிய இரண்டாம் நாள் கிட், அந்த நாள் கடந்த பிறகுதான் தபாலில் வந்தது.

இந்தியாவும் பதிலுக்குப் பிரிட்டன்காரர்களுக்கு 10 நாள் தனிமை போட்டது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் இந்தியச் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. அன்று நான் ஓர் அறைக்குள் உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தேன்.

*

இந்த ரிப்போர்ட்டுகளை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். வேண்டியதில்லை. 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்தது, அதே மாதம் அமெரிக்காவும் தடுப்பூசி நிபந்தனையைக் கைவிட்டது. ஆனால் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா போகிறவர்களே, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வேறு கதை. அது கோவிட்டுக்கு முன்பும் இருந்தது, இப்போதும் கேட்கிறார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், அதனால் டிக்கெட் தேதியைப் பார்த்துப் போடுங்கள். முத்திரை, தேதி, பெயரெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஊசி போட்ட இடத்திலேயே பார்த்துவிடுங்கள்.