சித்தி, ஒரு சந்தேகம்

நிலா: சித்தி, இருக்கீங்களா? கதிரியக்கச் சிதைவு படிக்கறேன், அதான் நிலையில்லாத அணுக்கரு கதிரை வெளிய விட்டு மாறுறது. அணுக்கருவுல புரோட்டானும் நியூட்ரானும் மட்டும்தானே? பீட்டா சிதைவுல எலக்ட்ரான் எங்கேருந்து வருது?

சித்தி: நல்ல இடத்துல நின்னு கேட்டிருக்க கண்ணு. அது முன்னாடியே உள்ள இருந்ததில்ல. ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறும்போதுதான் பிறக்குது, கூடவே எதிர்நியூட்ரினோன்னு மின்சுமையே இல்லாத ஒரு குட்டித் துகளும்.

கதிர்: வெளிக்கூட்டு எலக்ட்ரான் கழண்டு போறதுன்னுல்ல நான் நினைச்சேன்!

சித்தி: அது போனா அயனிதான், அதாவது மின்சுமை உள்ள அணுதான் ஆகும் கதிர், தனிமம் மாறாது. கார்பன்-14ல 6 புரோட்டான், 8 நியூட்ரான். சிதைஞ்சதும் 7, 7. அது நைட்ரஜன்-14. ரெண்டையும் கூட்டின நிறை எண் அப்படியே 14 இருக்கு, புரோட்டானை மட்டும் எண்ணுற அணு எண் ஒண்ணு கூடிருச்சு.

நிலா: ஆல்ஃபா புரிஞ்சுது. யுரேனியம்-238 தோரியம்-234 ஆகும். நிறை எண்ல 4, அணு எண்ல 2 குறையும்.

சித்தி: ஆமா, போறது ஒரு ஹீலியம் கரு.

நிலா: ஆனா எது எப்படிச் சிதையும்னு மனப்பாடமா பண்ணணும்?

சித்தி: வேண்டவே வேண்டாம். நியூட்ரானையும் புரோட்டானையும் எண்ணிப் பாரு. கார்பன்-12ல 6, 6, நிலையா இருக்கு. 14ல நியூட்ரான் அதிகம், அதனால பீட்டா. கார்பன்-11ல 5 நியூட்ரான்தான். அங்க ஒரு புரோட்டான் நியூட்ரானா மாறி பாசிட்ரானை, அதாவது நேர்மின்சுமை உள்ள எலக்ட்ரானை வெளிய விடும், போரான்-11 கிடைக்கும்.
சித்தி: பெரிலியம்-7லயும் நியூட்ரான் கம்மிதான். ஆனா பாசிட்ரானை உண்டாக்க ஆற்றல் போதாது. அதனால கரு தன் உள்கூட்டு எலக்ட்ரானையே இழுத்துக்கிட்டு லித்தியம்-7 ஆயிடும். எலக்ட்ரான் பிடிப்புன்னு சொல்றது இதைத்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதான்.
சித்தி: லேசான தனிமங்களுக்குத்தான் இந்த ஒண்ணுக்கு ஒண்ணு கணக்கு. கனமானதுக்கு நியூட்ரான் கூடுதலா வேணும்.

பெரியப்பா: எனக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தப்ப டெக்னீசியம்னு ஊசி போட்டாங்களேம்மா. அது எந்த வகை?

சித்தி: அது காமா, மாமா. டெக்னீசியம்-99எம். கருவுல மிஞ்சின ஆற்றல் மட்டும் கதிரா வெளிய வரும். ரெண்டு எண்ணும் மாறாது. அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகற நேரம், 6 மணி நேரம். ஒரு நாள்ல 16ல ஒரு பங்குதான் மிச்சம்.

பெரியப்பா: அப்பாடா. இத்தனை நாள் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

நிலா: சித்தி இதைப் பாருங்க. பாஸ்பரஸ்-32. 15 புரோட்டான், 17 நியூட்ரான். நிலையான பாஸ்பரஸ்-31ல 16தான். ஒரு நியூட்ரான் கூட இருக்கு, அதனால பீட்டா. கந்தகம்-32 வரணும்?

சித்தி: சரியா வந்துருச்சு. அடுத்ததா சோடியம்-22 போட்டுப் பாரு.